மூன்று தடயங்கள், ஒரு ஒப்புதல்: 'வயேஷெவ்' வாசிப்புக் குறிப்புகள்

யோசேப்பின் கதை தெரியாதவர்கள் குறைவு. அப்பாவின் செல்லப் பிள்ளை, பலவருண அங்கி, பொறாமை பிடித்த அண்ணன்கள், குழி, எகிப்து, சிறை, கடைசியில் அரண்மனை. ஞாயிறு பள்ளியில் படம் காட்டிச் சொல்லித் தருகிற கதை. ஆனால் அந்தக் கதை சூடு பிடித்த இடத்தில், தம்பியை விற்ற கையோடு, ஒரு முழு அதிகாரம் வேறு எங்கோ போய்விடுகிறது. யூதா, அவன் மருமகள் தாமார், ஒரு ஆட்டுக்குட்டி, ஒரு முத்திரை, ஒரு கோல். பிள்ளைகளுக்குச் சொல்லும்போது அந்த அதிகாரத்தைச் சத்தமில்லாமல் தாண்டிவிடுவார்கள்.

யூதர்களின் ஜெப ஆலயத்தில் அப்படித் தாண்ட முடியாது. மோசேயின் ஐந்து நூல்களையும் 54 பகுதிகளாகப் பிரித்து, ஒரு வருடத்துக்குள் வாராவாரம் சத்தமாக வாசித்து முடிப்பது அவர்கள் வழக்கம். ஒரு பகுதிக்குப் 'பராஷா' என்று பெயர். ஒன்பதாவது பராஷா 'வயேஷெவ்': ஆதியாகமம் 37 முதல் 40 வரை. பெரும்பாலும் டிசம்பரில், ஹனுக்கா பண்டிகையை ஒட்டி வரும். யோசேப்பு, தாமார், போத்திபாரின் மனைவி, சிறைச்சாலை எல்லாம் ஒரே மூச்சில் வாசிக்கப்படும்.

இந்தப் பகுதியைச் சேர்த்துப் படிக்கும்போது எனக்கு வருகிற கேள்வி ஒன்றுதான். இத்தனை அநியாயம் நடக்கிற இந்த நான்கு அதிகாரங்களில் நியாயம் எங்காவது கிடைக்கிறதா? கிடைத்தால், எப்படிக் கிடைக்கிறது?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் பகுதியில் மூன்று முறை ஒரு பொருள் சாட்சியாக வைக்கப்படுகிறது. இரண்டு முறை அந்தச் சாட்சி பொய்க்குத் துணை போகிறது. ஒரே ஒரு முறைதான் நியாயம் நடக்கிறது. அதுவும் பொருளால் நடக்கவில்லை. அதிகாரத்தில் இருந்தவன் 'தப்பு என்னுடையது' என்று வாய் திறந்து சொன்னதால் நடக்கிறது.

முதல் தடயம்: அங்கி

வீட்டு நிலவரத்தை முதலில் பார்ப்போம். யாக்கோபுக்கு நான்கு பெண்கள் மூலம் பன்னிரண்டு மகன்கள். அதில் யோசேப்பு மட்டும் தனி. 17 வயதுப் பையன். அண்ணன்களைப் பற்றி அப்பாவிடம் கோள் சொல்கிறான். அப்பா அவனுக்கு மட்டும் ஒரு விசேஷ அங்கி செய்து தருகிறார். மற்றவர்கள் எல்லாரும் தன் காலில் விழுவதாகக் கனவு கண்டு, அதை அவர்களிடமே வந்து சொல்கிறான். அண்ணன்களால் அவனோடு சுமுகமாக ஒரு வார்த்தை பேச முடியவில்லை என்கிறது கதை. ஒரு வீடு உடைகிற விதத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. முதலில் பேச்சுதான் நின்று போகிறது.

இவ்வளவும் தெரிந்த அப்பா என்ன செய்கிறார்? அந்தப் பையனையே தனியாக, எபிரோனிலிருந்து சீகேம் வரை, 'அண்ணன்மார் சுகமா இருக்காங்களான்னு பாத்துட்டு வா' என்று அனுப்புகிறார். பையன் அந்த அங்கியைப் போட்டுக்கொண்டே போகிறான்.

தோத்தானில் அவனைப் பிடிக்கிறார்கள். முதல் வேலையாக அங்கியைக் கழற்றுகிறார்கள். பிறகு தண்ணீர் இல்லாத குழியில் தள்ளிவிட்டு, உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். கொல்லலாம் என்பது முதல் திட்டம். மூத்தவன் ரூபன் குழியோடு நிறுத்தப் பார்க்கிறான். பிறகு வந்து தூக்கிவிடலாம் என்று அவன் எண்ணம். அப்போதுதான் யூதா ஒரு யோசனை சொல்கிறான். கொன்றால் நமக்கு என்ன லாபம், அவனும் நம் ரத்தம்தானே, வியாபாரிகளிடம் விற்றுவிடுவோம் என்று. விலை 20 வெள்ளிக்காசு. லேவியராகமம் 27ல், நேர்ந்துகொள்ளப்பட்ட 5 முதல் 20 வயது ஆண்பிள்ளைக்குக் குறித்திருக்கும் மதிப்பும் இதே 20 வெள்ளிதான். 17 வயதுப் பையனுக்குச் சந்தை விலை சரியாகக் கிடைத்திருக்கிறது.

யூதா அந்த இடத்தில் தம்பியின் உயிரைக் காப்பாற்றினான் என்று சிலர் பாராட்டுவதுண்டு. தல்மூத் அதை ஏற்கவில்லை. சன்ஹெத்ரின் பகுதியில் (6ஆ) ஒரு விவாதம் வருகிறது. வழக்கில் நீதிபதி சமரசம் செய்து வைக்கலாமா, கூடாதா என்பது கேள்வி. ஒரு தரப்பு கூடாது என்கிறது. இன்னொரு தரப்பு அது புண்ணியம் என்கிறது. அந்த இடத்தில் ரபி மேயிர் யூதாவை இழுக்கிறார். யூதாவின் இந்த ஆதாயப் பேச்சை வாழ்த்துகிறவன் கடவுளையே நிந்திக்கிறான் என்பது அவர் கருத்து.

சமரசம் பற்றிய விவாதத்தில் யூதாவின் பெயர் ஏன் வருகிறது என்று யோசித்துப் பாருங்கள். எபிரேயத்தில் 'ஆதாயம்' என்பதற்கும் 'பிட்டுப் பங்கு போட்டுச் சமரசம் செய்வது' என்பதற்கும் வேர்ச்சொல் ஒன்றே. கொல்லவும் வேண்டாம், விடவும் வேண்டாம், விற்றுவிடலாம் என்பது ஒரு நடுவழி. வீட்டுச் சண்டைகளில் இப்படிப்பட்ட நடுவழிகளை நாம் நிறையப் பார்த்திருக்கிறோம். எல்லோருக்கும் திருப்தி. குழிக்குள் இருக்கிறவனை மட்டும் யாரும் கேட்பதில்லை.

இனி தடயத்துக்கு வருவோம். ஒரு வெள்ளாட்டுக் கடாவை அறுத்து, அங்கியை ரத்தத்தில் தோய்த்து, அப்பாவிடம் அனுப்புகிறார்கள். 'இது கிடைச்சுது. உங்க மகன் அங்கியா இல்லையான்னு பாருங்க' என்கிற மாதிரி இரண்டே வாக்கியம். இதில் ஒரு பொய்கூட இல்லை என்று வாதாட முடியும். மிருகம் கடித்தது என்று அவர்கள் சொல்லவே இல்லை. அதைச் சொல்வது யாக்கோபு. பொருளை மட்டும் காட்டினார்கள். கதையை அப்பாவே எழுதிக்கொண்டார். 'மகன்' என்கிறார்களே தவிர, 'எங்கள் தம்பி' என்கிற சொல்லும் அவர்கள் வாயில் வரவில்லை.

பிறகு மகன்களும் மகள்களும் சேர்ந்து அவருக்கு ஆறுதல் சொல்ல வருகிறார்கள். விற்றவர்களே வந்து ஆறுதல் சொல்கிறார்கள். அவர் ஆறுதல் அடைய மறுக்கிறார்.

இரண்டாம் தடயம்: முத்திரை, கயிறு, கோல்

அடுத்த வரியிலேயே கதை யூதாவோடு கிளம்புகிறது. அவன் சகோதரர்களை விட்டு 'இறங்கிப் போனான்' என்று வருகிறது. 11ஆம் நூற்றாண்டு உரையாசிரியர் ராஷி இதற்கு ஒரு பழைய விளக்கத்தைத் தருகிறார். அப்பாவின் துக்கத்தைப் பார்த்த சகோதரர்கள், 'விற்கலாம்னு சொன்னதே நீதானே, திருப்பி விட்டுடலாம்னு சொல்லியிருந்தா அதையும் கேட்டிருப்போமே' என்று அவனைத் தலைமையிலிருந்து இறக்கிவிட்டார்களாம். குற்றத்தை எல்லாரும் சேர்ந்து செய்துவிட்டு, பழியை ஒருவன் தலையில் போடுகிறார்கள்.

யூதா அங்கே ஒரு கானானியப் பெண்ணைக் கட்டுகிறான். மூன்று மகன்கள்: ஏர், ஓனான், சேலா. மூத்தவனுக்குத் தாமாரை எடுக்கிறான். மூத்தவன் சாகிறான். பிள்ளை இல்லாமல் இறந்தவனின் மனைவியை அவன் தம்பி ஏற்று, அண்ணன் பெயர் நிலைக்கப் பிள்ளை தர வேண்டும் என்பது வழக்கம். எபிரேயத்தில் 'யிப்பும்'. ஓனான் அவளை ஏற்றுக்கொண்டு, கடமையை மட்டும் செய்யாமல் ஏமாற்றுகிறான். அவனும் சாகிறான். மிச்சம் இருப்பது சின்னவன் சேலா. 'அவன் பெரியவனாகும்வரை உன் அப்பா வீட்டில் விதவையாக இரு' என்று யூதா தாமாரை அனுப்பிவிடுகிறான். அவன் மனதில் இருந்த காரணத்தைக் கதை நமக்குச் சொல்கிறது: இவனும் செத்துவிடுவானோ என்ற பயம். தாமாரிடம் அதை அவன் சொல்லவில்லை.

தாமாரின் நிலைமை என்ன? அவள் விதவை, ஆனால் வேறு யாரையும் கட்ட முடியாது. சேலாவுக்கு என்று ஒதுக்கப்பட்டவள், ஆனால் சேலா வர மாட்டான். அவளை யாரும் அடிக்கவில்லை, விற்கவில்லை. சும்மா காத்திருக்க வைத்துவிட்டார்கள். அவ்வளவுதான். வெளியிலிருந்து பார்த்தால் இதில் அநியாயம் இருப்பதே தெரியாது.

இது பழங்காலத்தோடு முடிந்த சங்கதியும் இல்லை. யூதச் சட்டத்தில் கணவன் விவாகரத்துப் பத்திரம் தராமல் கட்டிப்போட்ட பெண்ணை 'அகூனா' என்பார்கள். அப்படித் தர மறுக்கிற கணவன்மேல் தடைகள் விதிக்க ரபிகளின் நீதிமன்றங்களுக்கு அதிகாரம் தரும் சட்டத்தை இஸ்ரேல் 1995ல் இயற்றியது. ஒரு ஆண் ஒன்றுமே செய்யாமல் இருப்பதாலேயே ஒரு பெண்ணின் வாழ்க்கை நின்றுபோகலாம் என்பதை அந்தச் சட்டம் ஒப்புக்கொண்டது.

வருடங்கள் போகின்றன. யூதாவின் மனைவி இறக்கிறாள். துக்கம் கழிந்து, ஆட்டு மயிர் கத்தரிக்கிற விழாவுக்கு அவன் திம்னாவுக்குப் போகிறான். தாமார் விதவை உடையைக் கழற்றி, முக்காடு போட்டு, வழியில் உட்காருகிறாள். அவளை விலைமகள் என்று நினைத்து யூதா நெருங்குகிறான். கூலியாக ஒரு வெள்ளாட்டுக் குட்டி அனுப்புவதாகச் சொல்கிறான். அதுவரை அடகாக அவள் கேட்பது மூன்று: அவன் முத்திரை, அதன் கயிறு, கையில் இருக்கிற கோல். ஒருவரின் பத்திர முத்திரையும் அடையாள அட்டையும் சேர்ந்த மாதிரி. பிறகு நண்பனிடம் குட்டியைக் கொடுத்தனுப்பினால், அங்கே அப்படி ஒரு பெண்ணே இல்லை என்கிறார்கள். விட்டுவிடு, நாம்தான் கேலிக்கு ஆளாவோம் என்கிறான் யூதா. மானம் போய்விடக் கூடாது என்பதுதான் அவன் கவலை.

மூன்று மாதம் கழித்துச் செய்தி வருகிறது: உன் மருமகள் கெட்டுப்போய்க் கர்ப்பமாக இருக்கிறாள். யூதாவின் தீர்ப்பு, எபிரேயத்தில் எண்ணினால், இரண்டே சொல். வெளியே கொண்டுவந்து கொளுத்துங்கள் என்று பொருள். விசாரணை இல்லை, சாட்சி இல்லை. அவளைக் கூப்பிட்டு ஒரு கேள்வி இல்லை. பல வருடமாக அவளை நினைத்தும் பார்க்காதவன், தண்டிக்கும்போது மட்டும் குடும்பத் தலைவனாகிவிடுகிறான்.

கொண்டுபோகும் வழியில் தாமார் அந்த மூன்று பொருள்களையும் மாமனாருக்கு அனுப்புகிறாள். இவை யாருடையவையோ அவரால்தான் கர்ப்பமானேன், அடையாளம் தெரிகிறதா பாருங்கள் என்று.

அங்கியை அனுப்பிய அண்ணன்கள் அப்பாவிடம் பயன்படுத்திய அதே எபிரேயச் சொற்கள் இவை: 'ஹக்கெர் நா'. அடையாளம் பாருங்கள், தயவுசெய்து. அந்த அடுத்த வினைச்சொல்லும் ஒன்றே. யாக்கோபு 'அடையாளம் கண்டான்'. யூதா 'அடையாளம் கண்டான்'.

இந்த ஒற்றுமையைப் பழைய மித்ராஷ் ஆசிரியர்கள் கவனித்திருக்கிறார்கள். 20ஆம் நூற்றாண்டு விவிலிய ஆய்வாளர்களில் சிலர், 38ஆம் அதிகாரத்துக்கும் யோசேப்பு கதைக்கும் சம்பந்தமே இல்லை, யாரோ நடுவில் செருகியது என்றே முடிவு கட்டினார்கள். 1981ல் ராபர்ட் ஆல்டர் தன் புகழ்பெற்ற நூலில் அதை மறுத்தபோது, அவருக்குக் கைகொடுத்தது அந்தப் பழைய மித்ராஷ்தான்.

நான் இன்னும் கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்கச் சொல்வேன். இந்த வினைச்சொல் 27ஆம் அதிகாரத்திலும் வருகிறது. அண்ணன் ஏசாவின் உடையைப் போட்டு, கையில் வெள்ளாட்டுக் குட்டியின் தோலைச் சுற்றிக்கொண்டு, கண் தெரியாத அப்பா ஈசாக்கிடம் ஆசீர்வாதத்தைத் தட்டிக்கொண்டு போனவன் இதே யாக்கோபு. அங்கே ஈசாக்கு அவனை 'அடையாளம் காணவில்லை'. ஆக, மூன்று தலைமுறை, ஒரே வினை. தாத்தாவுக்கு எதிரில் இருப்பது யார் என்று தெரியவில்லை. அப்பாவுக்குப் பொருள் யாருடையது என்று தெரிந்தது, என்ன நடந்தது என்று தெரியவில்லை. மகனுக்குப் பொருளும் தெரிந்தது, அதில் தன் முகமும் தெரிந்தது.

மூன்றாம் தடயம்: கையில் இருந்ததா, பக்கத்தில் இருந்ததா?

39ஆம் அதிகாரத்தில் மறுபடியும் ஒரு துணி. எகிப்தில் போத்திபாரின் வீட்டில் யோசேப்பு அடிமை. எஜமானி அவனை வற்புறுத்துகிறாள், அவன் மறுக்கிறான். அவள் மேலாடையைப் பிடிக்க, அதை விட்டுவிட்டு ஓடுகிறான்.

இங்கே கதை சொல்கிறவர் செய்திருக்கிற ஒரு நுட்பமான வேலையைப் பாருங்கள். கதைசொல்லி சொல்லும்போது, அவன் ஆடையை 'அவள் கையில்' விட்டுவிட்டு ஓடினான். அவள் வீட்டு ஆட்களிடமும் கணவனிடமும் சொல்லும்போது, 'என் பக்கத்தில்' விட்டுவிட்டு ஓடினான். ஒரே ஒரு சொல்தான் மாறுகிறது. கையில் இருந்தால், பிடித்து இழுத்தது அவள். பக்கத்தில் கிடந்தால், கழற்றியது அவன். துணி அதேதான். தீர்ப்பு தலைகீழ்.

யோசேப்பு ஏதாவது சொன்னானா? கதையில் ஒரு வார்த்தை இல்லை. அடிமையின் சொல் அம்பலம் ஏறாது. போத்திபாருக்குக் கோபம் வந்தது என்று இருக்கிறது. யார்மேல் என்று இல்லை. யோசேப்பு சிறைக்குப் போகிறான். பிறகு அங்கே, விடுதலையாகப் போகிற ஒருவனிடம் உதவி கேட்கும்போது, எபிரேயர் நாட்டிலிருந்து நான் திருடிக்கொண்டுவரப்பட்டேன் என்கிறான். யார் திருடினார்கள் என்று அங்கேயும் சொல்லவில்லை. உதவி கேட்கப்பட்டவனும் அவனை மறந்துவிடுகிறான். பராஷா அந்த மறதியோடு முடிந்துவிடுகிறது.

பழிக்குப் பழி போதுமா?

இந்தக் கதைகளுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம் 'அளந்த அளவுக்கே அளக்கப்படும்' என்கிற கோட்பாடு. எபிரேயத்தில் 'மிதா கெனெகெத் மிதா'. யாக்கோபு ஆட்டுத்தோலாலும் அண்ணன் உடையாலும் அப்பாவை ஏமாற்றினான். பின்னால் ஆட்டு ரத்தத்தாலும் மகன் உடையாலும் ஏமாந்தான். யூதா ஆட்டைக் காட்டி அப்பாவை ஏமாற்றினான். ஆட்டுக்குட்டி விவகாரத்தில் தாமாரிடம் ஏமாந்தான். மித்ராஷும் இதை அழகாகச் சொல்கிறது. படிக்கும்போது நமக்கும் ஒரு திருப்தி வருகிறது.

எனக்கு அந்தத் திருப்தி மேல்தான் சந்தேகம். யாக்கோபு ஏமாந்ததால் ஏசாவுக்கு என்ன கிடைத்தது? யூதா அவமானப்பட்ட அந்த நாளில் யோசேப்பு எகிப்தில் அடிமையாகவோ சிறையிலோ இருக்கிறான். கணக்கு நேராகிவிட்டது என்று நாம் புத்தகத்தை மூடலாம். பாதிக்கப்பட்டவனுக்கு அதில் ஒரு காசு வரவில்லை. தாமாரை வெறுமனே 'யூதாவுக்குக் கிடைத்த தண்டனை' என்று படித்தால், அவளையும் ஒரு கருவியாக்கிவிடுகிறோம். அவள் யோசேப்புக்காக நியாயம் கேட்க வரவில்லை. அவனைப் பற்றி அவளுக்குத் தெரியும் என்றுகூடக் கதை சொல்லவில்லை. தனக்கு வர வேண்டியதைத் தான் கேட்டாள்.

அதனால் என் கவனம் ஆட்டைவிட, யூதா சொன்ன பதிலில் நிற்கிறது. பொருள்களைப் பார்த்ததும் அவன் சொன்னது: சேலாவுக்கு அவளைக் கொடுக்காமல் போனேன், அதனால் அவள் என்னைவிட நீதியுள்ளவள். அவன் மறுத்திருக்கலாம். முத்திரை திருடு போனது என்று சொல்லியிருக்கலாம். அல்லது ஒன்றும் சொல்லாமல் அந்த மூன்று பொருள்களையும் வாங்கி வைத்துக்கொண்டு, தீ மூட்டச் சொல்லியிருக்கலாம். தாமார் அவன் பெயரைச் சொல்லவே இல்லை என்பதை மறக்காதீர்கள். பெயர் சொல்லாததை வைத்துத் தல்மூத் ஒரு பெரிய பாடமே எடுக்கிறது: ஒருவரைப் பலர் முன்னால் அவமானப்படுத்துவதைவிடத் தானே தீச்சூளையில் விழுவது மேல் என்று.

எனக்கு இந்தப் பாடத்தில் ஒரு நெருடல் உண்டு. யூதாவின் மானத்தைக் காப்பாற்றத் தாமார் எரியத் தயாராக இருந்தாள் என்று அவளைப் புகழ்வது சுலபம். அவளை எரிக்கச் சொன்னவனே அவன்தானே? அவமானத்துக்குப் பயந்து அடகுப் பொருளையே விட்டுவிட்டவன் அவன். அவனுடைய மானம் இவள் உயிரைவிடப் பெரிதா? ஆனால் இன்னொரு விதமாகவும் இதைப் படிக்க முடியும். பெயரைச் சொல்லியிருந்தால் அவன் எதிர்வாதம் செய்திருப்பான். தீர்ப்பு சொல்பவனே எதிர்க்கட்சி என்றாகிவிட்ட வழக்கில் அவளுக்கு மேல்முறையீடு எங்கே? அவனே சொல்ல ஒரு இடம் விட்டாள். அது பணிவு என்பதைவிட, ஆளைச் சரியாக எடைபோட்ட கணக்கு என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஒரு சொல், இரண்டு வாசிப்பு

யூதாவின் பதிலில் இரண்டு சொல் முக்கியம்: 'ட்ஸாத்கா மிம்மென்னி'. இதை ஒரே வாக்கியமாகப் படித்தால் 'அவள் என்னைவிட நீதியுள்ளவள்'. 13ஆம் நூற்றாண்டு ரம்பான் இப்படித்தான் படிக்கிறார். நடுவில் நிறுத்திப் படித்தால் 'அவள் சொல்வது சரி; என்னால்தான்'. ராஷி இப்படி. கர்ப்பத்துக்குக் காரணம் நானே என்கிற நேரடி ஒப்புதல். தல்மூத்தில் இன்னும் ஒரு படி மேலே போய், 'என்னால்' என்கிற சொல்லை வானத்திலிருந்து வந்த குரலாகவே கேட்டவர்களும் இருக்கிறார்கள்.

முதல் வாசிப்பில் ஒரு ஒப்பீடு இருக்கிறது. இரண்டாவதில் ஒரு குற்ற ஒப்புதல் இருக்கிறது. இலக்கணத்தில் முதலாவது இயல்பாக உட்காருகிறது என்பது என் எண்ணம். ஆனால் யூத மரபு யூதாவிடம் மதித்தது இரண்டாவதைத்தான். இதற்கு நல்ல ஆதாரம் மிஷ்னாவில் இருக்கிறது. அந்தக் காலத்தில் தோராவை எபிரேயத்தில் வாசித்து, மக்களுக்குப் புரிய அரமேயத்தில் மொழிபெயர்த்துச் சொல்வார்கள். சங்கடமான பகுதிகளை என்ன செய்வது என்று மெகில்லா 4:10ல் ஒரு பட்டியல் வருகிறது. ரூபனின் கதை வாசிக்கலாம், மொழிபெயர்க்கக் கூடாது. தாமாரின் கதை வாசிக்கலாம், மொழிபெயர்க்கவும் வேண்டும். தல்மூத் கேட்கிறது: யூதாவின் கௌரவம் என்ன ஆவது? பதில்: அவன் ஒப்புக்கொண்டானே, அது அவனுக்குப் பெருமைதான்.

ஒரு குலத்தின் முன்னோர் செய்த அசிங்கத்தை, எல்லோருக்கும் புரியும் மொழியில் சத்தமாகச் சொல்லலாம் என்று முடிவெடுத்திருக்கிறார்கள். காரணம், அவன் மறைக்கவில்லை என்பது. குடும்ப மானம் என்று நாம் எதைச் சொல்கிறோம் என்பதையே இந்த வரி கொஞ்சம் மாற்றிப் போடுகிறது.

இன்னொரு தாமார்

அதே மிஷ்னா பட்டியலின் கடைசியில் இன்னொரு கதை: தாவீது, அம்னோன் கதை. அதை வாசிக்கவும் கூடாது, மொழிபெயர்க்கவும் கூடாது.

2 சாமுவேல் 13ல் வருகிற கதை அது. தாவீது ராஜாவின் மகள் பெயரும் தாமார்தான். யூதாவுக்கும் முதல் தாமாருக்கும் பிறந்த பாரேஸின் வம்சம்தான் தாவீது. அந்தப் பெண்ணை அவளுடைய மாற்றாந்தாய்க்குப் பிறந்த அண்ணன் அம்னோன் பலாத்காரம் செய்து, வெளியே தள்ளிக் கதவைச் சாத்துகிறான். அவள் போட்டிருந்த ஆடையின் பெயர் எபிரேயத்தில் 'கெதோனெத் பஸ்ஸிம்'. யோசேப்பின் அங்கிக்கும் அதே பெயர். எபிரேய விவிலியம் முழுவதிலும் இந்தப் பெயர் இந்த இரண்டு இடங்களில் மட்டும்தான் வருகிறது. அந்த ஆடையை அவளே கிழித்துக்கொண்டு, தலையில் சாம்பலைப் போட்டுக்கொண்டு கதறிப் போகிறாள்.

அப்பா தாவீதுக்குச் செய்தி தெரிகிறது. கோபம் வருகிறது. அதோடு சரி. ராஜா அவர், நாட்டுக்கே நீதி சொல்கிறவர். சொந்த வீட்டில் மூத்த மகனை ஒன்றும் சொல்லவில்லை. அவளுடைய கூடப்பிறந்த அண்ணன் அப்சலோம் அவளிடம் சொல்வதும், இப்போதைக்குப் பேசாமல் இரு, அவன் உன் அண்ணன் என்பதுதான். இரண்டு வருடம் கழித்து அப்சலோம் அம்னோனைக் கொல்கிறான். பிறகு அப்பாவுக்கே எதிராகக் கிளம்புகிறான். நாடே இரண்டாகிறது.

இரண்டு தாமார்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு வீட்டில் தலைவன் தப்பை ஒப்புக்கொண்டான். இரட்டைக் குழந்தைகள் பிறந்தன, வம்சம் தொடர்ந்தது. இன்னொரு வீட்டில் தலைவன் கோபப்பட்டுவிட்டுச் சும்மா இருந்தான், பழிவாங்கல் வந்தது. அங்கே தடயத்துக்குப் பஞ்சம் இல்லை. கிழிந்த ஆடை எல்லோர் கண்ணிலும்தான் பட்டது. வாய் திறக்க வேண்டியவர்தான் திறக்கவில்லை.

தீராத பாக்கி

வயேஷெவ் வாரத்தில், ஹனுக்கா குறுக்கிடாத வருடங்களில், தோராவுக்குப் பிறகு வாசிக்கப்படும் தீர்க்கதரிசனப் பகுதி ஆமோஸ் 2:6லிருந்து தொடங்குகிறது. நீதிமானை வெள்ளிக்கும், ஏழையை ஒரு ஜோடி செருப்புக்கும் விற்கிற இஸ்ரவேலைக் கண்டிக்கிற இடம் அது. ஆமோஸ் பேசியது தன் காலத்துப் பணக்காரர்களைப் பற்றி. அதை இந்த வாரத்துக்குத் தேர்ந்தெடுத்தவர்கள், தம்பியை 20 வெள்ளிக்கு விற்ற சாப்பாட்டுப் பந்தியை அதில் பார்த்திருக்கிறார்கள். பிற்காலத்து மித்ராஷ் ஒன்று, அந்தக் காசில் அண்ணன்கள் ஆளுக்கொரு ஜோடி செருப்பு வாங்கினார்கள் என்றே சொல்கிறது. வீட்டுக்குள் நடந்தது வீட்டு விவகாரம் என்று அவர்கள் விடவில்லை. சமூக அநீதியின் வரிசையில் வைத்துவிட்டார்கள்.

இதைவிடக் கடுமையான ஒரு நினைவும் உண்டு. யோம் கிப்பூர் நாளில் அஷ்கெனாசி யூதர்கள் வாசிக்கிற 'எலே எஸ்கெரா' என்கிற புலம்பல், ரோமர்கள் கொன்ற பத்து ஞானிகளைப் பற்றியது. அதில் ரோம ஆட்சியாளன் ஒரு சட்டக் கேள்வி கேட்கிறான்: ஆளைக் கடத்தி விற்றால் மரணம் என்பது உங்கள் சட்டம்தானே, யோசேப்பை விற்றவர்களுக்கு என்ன தண்டனை கொடுத்தீர்கள்? கொடுக்கவில்லை என்றால் அவர்களுக்குப் பதில் நீங்கள் சாகுங்கள். வரலாறாக இதை எடுத்துக்கொள்ள முடியாது. அந்தப் பத்துப் பேரும் ஒரே காலத்தில் வாழ்ந்தவர்கள்கூட இல்லை. ஆனால் இப்படி ஒரு கதையைக் கற்பனை செய்த மனம் எனக்கு முக்கியம். யோசேப்பு மன்னித்தான், எல்லாரும் கட்டிப்பிடித்து அழுதார்கள், குடும்பம் சேர்ந்தது, எல்லாம் சரி. அப்புறமும் அந்தக் குற்றம் விசாரிக்கப்படவே இல்லை என்பதை அந்த மனம் மறக்கவில்லை. ஒரு கொடுங்கோலன் அதைச் சாக்காக எடுத்துக்கொள்கிறான் என்பது அந்தப் புலம்பலின் கசப்பு.

பாதி ஒப்புதல்

யூதாவை ரொம்பவும் உயர்த்திவிட வேண்டாம். அவன் ஒப்புக்கொண்டது சேலா விஷயத்தை மட்டும்தான். அதே 'ஹக்கெர் நா' காதில் விழுந்தபோது அப்பாவின் முகம் ஞாபகம் வந்ததா என்று கதை சொல்லவில்லை. அவன் ஊருக்குத் திரும்பி அப்பாவிடம் எதையும் சொல்லவும் இல்லை. தாமாருக்கும் உயிரும் பிள்ளைகளும் கிடைத்தன, கணவன் கிடைக்கவில்லை. அவன் மறுபடி அவளைச் சேரவில்லை என்பதோடு அவள் கதை முடிகிறது.

ஆனாலும் ஏதோ ஒன்று அவனுக்குள் நகர்ந்திருக்கிறது. பஞ்ச காலத்தில் கடைக்குட்டி பென்யமீனை எகிப்துக்கு அழைத்துப்போக யாக்கோபு மறுக்கும்போது, யூதா தானே அவனுக்கு 'ஜாமீன்' என்கிறான். தாமார் கேட்டு வாங்கிய அடகுக்கான சொல்லும் இந்தச் சொல்லும் எபிரேயத்தில் ஒரே வேர். பிறகு எகிப்தில், பென்யமீன் பையில் கிண்ணம் கிடைக்கிறது. நான்காவது தடயம், இதுவும் ஜோடிக்கப்பட்டது, இந்த முறை ஜோடித்தவன் யோசேப்பு. அப்போது யூதா அந்தக் கிண்ணத்தைப் பற்றி வாதாடவே இல்லை. எங்களை எப்படி நீதிமான்கள் என்று காட்டுவோம் என்கிறான். தாமாரை அவன் நீதியுள்ளவள் என்ற அதே வேர்ச்சொல். பிறகு, தம்பிக்குப் பதிலாக என்னை அடிமையாக வைத்துக்கொள்ளுங்கள் என்கிறான். தம்பியை விற்றவன் தம்பிக்காகத் தன்னைக் கொடுக்கிறான். அப்போதுதான் யோசேப்பு அழுது, தான் யார் என்று சொல்கிறான்.

யாக்கோபுக்கு மட்டும் கடைசிவரை யாரும் சொல்லவில்லை. அவர் சாகும்வரை, மகனை விற்ற கதையை வீட்டில் ஒருவரும் அவரிடம் சொல்லவே இல்லை என்பது ரம்பானின் கருத்து. அவர் இறந்தபின் அண்ணன்கள் யோசேப்புக்குச் சொல்லியனுப்புகிறார்கள்: உன்னை மன்னிக்கச் சொல்லி அப்பா சாவதற்கு முன் கட்டளையிட்டார் என்று. அப்படி ஒரு கட்டளை கதையில் எங்கேயும் இல்லை. குடும்ப சமாதானத்துக்காகச் சொல்கிற பொய் கூடும் என்பதற்கு இதைத் தல்மூத் உதாரணமாகக் காட்டுகிறது.

சமாதானம் நல்லதுதான். யோசேப்பு அந்தச் செய்தியைக் கேட்டு அழுதான் என்று ஆதியாகமம் 50 சொல்கிறது. ஏன் அழுதான் என்று சொல்லவில்லை. பதினேழு வயதில் குழியிலிருந்து ஏறியது முதல் அவன் கேட்கக் காத்திருந்த வாக்கியம் ஒன்று இருந்திருக்கும். தாமாருக்கு மாமனார் வாயிலிருந்து அது கிடைத்தது. அவனுக்கு வந்ததோ, செத்துப்போன அப்பாவின் பெயரில் ஆள் மூலம் வந்த ஒரு மன்னிப்புச் சீட்டு.